ஈரல் மாற்றுச் சிகிச்சை: இருதயத்திற்கும் இரத்தத்திற்கும் நேரும் சோதனை



கோட்டயத்திலிருந்து குமுளி நோக்கிச் செல்லும் மலைப்பாதையில், முண்டக்கயத்தைக் கடந்து வளைந்து வளைந்து ஏறினால், ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் பீர்மேடு இருக்கின்றது. ஏலப்பாறை, வண்டிப்பெரியாறு, குட்டிக்கானம் என அதனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அவர்களுக்கு வீட்டிலே தமிழ். கடைத்தெருவிலே தமிழும் மலையாளமும். ஆனால் கடுமையான நோய் வந்து மலையை விட்டு இறங்கிப் பெரிய மருத்துவமனைக்குச் சென்றால், அங்கே நீட்டப்படும் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ இருக்கும்.

அத்தகைய தாள்களுள் ஒன்று, ஈரல் மாற்றுச் சிகிச்சைக்கான ஒப்புதல் தாள். ஈரல் முற்றும் பழுதுற்ற ஒருவருக்கு வேறு ஈரல் பொருத்த வேண்டும் என்று மருத்துவர்கள் முடிவு செய்யும்போது, நோயாளியும் குடும்பத்தாரும் அதில் கையெழுத்திட வேண்டும். நேரக்கூடிய ஆபத்துகளின் நீண்ட பட்டியலில் இரண்டு வரிகள் தவறாமல் இடம்பெறும். அறுவையின்போது இருதயம் தளரலாம், நின்றும் போகலாம் என்பது ஒன்று. இரத்தக்கட்டி உண்டாகி நுரையீரலையோ புதிய ஈரலுக்குச் செல்லும் குழாயையோ அடைக்கலாம் என்பது மற்றொன்று.

இவ்வரிகளின் பொருளைக் கேட்டறிந்தவர்க்கு இரண்டு ஐயங்கள் எழுவது இயல்பு. நோய் இருப்பது ஈரலில். அதற்கு இருதயம் ஏன் தளர வேண்டும்? ஈரல் கெட்டவருக்கு இரத்தம் உறையாது, சிறு காயம் பட்டாலும் நிற்காமல் ஒழுகும் என்றுதானே இதுவரை மருத்துவர் எச்சரித்து வந்தார்? இப்பொழுது கட்டி உண்டாகும் என்பது எவ்வாறு பொருந்தும்? இவ்விரண்டு வினாக்களுக்கும் எளிய முறையில் விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் கல்லீரல் இருக்கும் இடத்தையும் அதன் தொழிலையும் சற்றே நோக்குவோம். வலப்பக்க விலா எலும்புகளின் கீழ் மறைந்திருக்கும் இவ்வுறுப்பு, வயது வந்தவரிடத்தில் ஏறத்தாழ 1.5 கிலோ எடையுள்ளது. இருதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்திற்குச் சுமார் 1.5 லிட்டர், இதன் வழியாகவே பாய்கின்றது. இந்த இரத்தம் இரண்டு வழிகளில் வந்து சேர்கின்றது. குடலிலிருந்து உணவுச் சத்தைச் சுமந்து வரும் போர்ட்டல் சிரை, நூற்றுக்கு 70 முதல் 75 பங்கைக் கொண்டு வருகின்றது. எஞ்சியதைக் கல்லீரல் தமனி கொண்டு வருகின்றது. உள்ளே வந்த இரத்தம் அனைத்தும், உடலின் கீழ்ப்பாகத்து இரத்தத்தை இருதயத்திற்கு ஏற்றிச் செல்லும் கீழ்ப் பெருஞ்சிரையில் சென்று கலக்கின்றது. அங்கிருந்து இருதயத்தின் வலது மேலறை சில விரற்கடைத் தொலைவே. எனவே ஈரலிலிருந்து வெளியேறும் எதுவும், நல்லதாயினும் தீயதாயினும், சில விநாடிகளில் இருதயத்தை அடைந்துவிடும். இந்த அண்மையை நினைவில் வைத்துக்கொண்டால், முதல் வினாவின் விடையில் பாதி விளங்கிவிடும்.

இனி இரத்தம் உறையும் முறையைக் காண்போம். நம் விரலில் கத்தி பட்டால் இரத்தம் வருகின்றது. சில நிமிடங்களில் தானே நின்றும் விடுகின்றது. முதலில் இரத்தத்தில் மிதக்கும் நுண்ணிய தட்டுகள் காயத்தின் வாயில் குவிந்து அதனை அடைக்கின்றன. அடுத்து, இரத்தத்தில் கரைந்துள்ள பல புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிவிட, இறுதியில் நூல்வலை போன்ற ஒன்று தோன்றி அந்த அடைப்பை இறுக்குகின்றது. இப்புரதங்களிற் பெரும்பாலானவற்றைத் தயாரிக்கும் இடம் கல்லீரலே.

ஆனால் உறையச் செய்யும் பொருள்கள் மட்டும் இருந்தால் நம் உடல் முழுவதும் இரத்தம் கட்டிப்போய்விடும் அல்லவா? ஆகவே உறைதலைத் தடுத்து நிறுத்தும் வேறு சில புரதங்களும் இரத்தத்தில் உண்டு. அவற்றையும் பெரும்பாலும் கல்லீரலே தயாரிக்கின்றது. உறையச் செய்வதும் உறையாமற் காப்பதும் ஒரே உறுப்பின் இரு கைகள் எனலாம்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்பவர்க்கு இதனை ஒரு தராசைக் கொண்டு விளக்கிவிடலாம். ஒரு தட்டில் உறையச் செய்யும் பொருள்கள். மறு தட்டில் தடுக்கும் பொருள்கள். நலமுள்ளவரிடத்தில் இரண்டு தட்டுகளிலும் நிறைந்த எடை இருக்கின்றது. ஒரு பிடி கூடினாலும் குறைந்தாலும் தராசு அசைவதில்லை. ஈரல் பழுதுற்றால் இரண்டு தட்டுகளிலும் எடை குறைகின்றது. தராசு நேராகவே நிற்கின்றது. ஆயினும் அது வெறுந்தட்டுகளை ஏந்திய தராசு. ஓர் ஊதல் போதும், இப்புறமோ அப்புறமோ சாய்ந்துவிடும்.

நோயாளிகளின் சோதனைச் சீட்டில் ஐ.என்.ஆர். என்றோர் எண் குறிக்கப்படுவதைப் பலர் கண்டிருப்பர். அந்த எண் உயர்ந்திருந்தால் இரத்தம் உறைவதற்கு நேரம் ஆகின்றது என்று பொருள் கொள்வர். அச்சோதனை பொய்யன்று; ஆனால் அது தராசின் ஒரு தட்டை மட்டுமே நிறுக்கின்றது. தடுக்கும் பொருள்களும் குறைந்திருப்பதை அது காட்டுவதில்லை. நெடுங்காலம் மருத்துவ உலகமே இந்த ஒரு தட்டை மட்டும் நோக்கி, ஈரல் கெட்டவருக்கு இரத்தக்கட்டி வாராது என்று நம்பியிருந்தது. இத்தாலி நாட்டு மிலான் நகரத்தைச் சேர்ந்த திரிபோடி, மன்னூச்சி முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2005-ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் செய்த ஆய்வுகள், இரு தட்டுகளையும் சேர்த்து நிறுத்தால் இந்நோயாளிகளுள் பலரிடத்தில் சமநிலை இருப்பதை எடுத்துக் காட்டின. அது எளிதில் குலையும் சமநிலை என்பதே இதில் உணர வேண்டிய கருத்து. நோய்த்தொற்று, இரத்தம் ஏற்றுதல், பெரிய அறுவை முதலியவை அதனை எந்தப் புறமும் சாய்க்க வல்லவை.

இந்த உண்மையை மருத்துவ உலகம் முதன்முதலில் சந்தித்தது ஏட்டில் அன்று, அறுவை மேடையில்தான். அந்த வரலாறு துயரமானது, எனினும் அறியத்தக்கது.

1963-ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி. அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல் என்னும் அறுவை மருத்துவர், மனிதருக்கு ஈரல் மாற்றும் முயற்சியை முதன்முதலாக மேற்கொண்டார். நோயாளி மூன்று வயதுச் சிறுவன். பித்தக் குழாய்கள் இல்லாமற் பிறந்தவன். அறுவை முடியுமுன்னரே இரத்தப் பெருக்கை அடக்க இயலாமல் அக்குழந்தை மேடையிலேயே இறந்தது. இரத்தப் பெருக்கே முதற் பகை என்று மருத்துவர்கள் கருதியதில் வியப்பில்லை. ஆகவே அதே ஆண்டு மே மாதத்தில் அடுத்த நோயாளிக்கு அறுவை செய்தபோது, இரத்தம் உறைவதற்குத் துணை செய்யும் மருந்துகளையும் பொருள்களையும் தந்தனர். இரத்தப் பெருக்கு அடங்கியது. புதிய ஈரலும் வேலை செய்தது. ஆனால் 22 நாட்களுக்குப் பின் அவர் இறந்தார். நுரையீரலுக்குச் சென்று அடைத்த இரத்தக்கட்டிகளே அதற்குக் காரணம்.

அது எங்ஙனம் நேர்ந்தது? பழைய ஈரலை எடுக்கும்போது கீழ்ப் பெருஞ்சிரையை இடுக்கியால் மூட வேண்டியிருந்தது. கால்களிலிருந்தும் குடலிலிருந்தும் வரும் இரத்தம் தேங்காமலிருக்க, பிளாஸ்டிக் குழாய் வழியாக அதனை மார்பின் மேற்பாகத்துச் சிரைக்குத் திருப்பி விட்டனர். உறையும் ஆற்றலை மருந்தால் கூட்டியிருந்த அந்த இரத்தம், திருப்பிவிட்ட வழியிலேயே கட்டிகளாகி, அங்கிருந்து இருதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலை அடைந்தது. அவரை அடுத்து வந்த வேறு நோயாளிகளுக்கும் இதே கேடு நேர்ந்தது. ஒழுகும் இரத்தத்தை நிறுத்தத் தந்த மருந்தே உயிரைக் குடிக்கும் கட்டிக்குத் துணை போயிற்று. ஒரு தட்டின் குறையை நிரப்பப் போய், தராசை மறுபுறம் கவிழ்த்துவிட்டனர். இதனை ஸ்டார்சல் மறைக்கவில்லை. தாமே விரிவாக எழுதி வைத்தார். டென்வரிலும், பாஸ்டனிலும், பாரிசிலும் நடந்த முதல் முயற்சிகள் யாவும் ஒரு மாதத்திற்குள் மரணத்தில் முடிந்தன. அதனால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இச்சிகிச்சையையே நிறுத்தி வைத்தனர். 1967-ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கியபோதுதான், ஓராண்டுக்கு மேல் உயிர் வாழ்ந்த முதல் நோயாளியை, ஒரு சிறு பெண் குழந்தையை, உலகம் கண்டது.

இனி, இன்றைய அறுவையில் இருதயத்திற்கு நேரும் சோதனை யாது என்பதைப் பார்ப்போம். அறுவையை மூன்று கட்டங்களாகப் பிரிப்பர். பழைய ஈரலைச் சுற்றுப்புறத்திலிருந்து பிரித்தெடுப்பது முதற்கட்டம். பழையது நீங்கி, புதியது இன்னும் இரத்தம் பெறாத இடைவேளை இரண்டாம் கட்டம். புதிய ஈரலில் இரத்தத்தைப் பாய்ச்சியதிலிருந்து தொடங்குவது மூன்றாம் கட்டம்.

முதற்கட்டத்தில் அச்சம் இரத்தப் பெருக்கு பற்றியது. ஈரல் சுருங்கி இறுகியவர்களுக்கு அதனைச் சுற்றியுள்ள சிரைகள் புடைத்திருக்கும். தொட்ட இடமெல்லாம் இரத்தம் கசியும். இரண்டாம் கட்டத்தில், கீழ்ப் பெருஞ்சிரையை முழுவதும் மூடினால் இருதயத்திற்கு வந்து சேரும் இரத்தம் திடீரெனக் குறைகின்றது. வரத்துக் குறைந்த ஏரியிலிருந்து வாய்க்காலுக்கு நீர் விட இயலாதது போல, இருதயமும் உடலுக்கு இரத்தம் அனுப்ப இயலாமல் தவிக்கின்றது. இதற்கு மருத்துவர்கள் இரண்டு வழிகள் கண்டனர். 1980-களில் பிட்ஸ்பர்க் நகரத்தார், இரத்தத்தைத் திருப்பிவிடும் குழாயுடன் ஒரு பம்பை இணைத்து, ஓட்டம் தளராமலும் கட்டி உண்டாகாமலும் காத்தனர். மற்றொரு வழி, நோயாளியின் பெருஞ்சிரையை எடுக்காமல் அப்படியே வைத்து, புதிய ஈரலை அதன்மேல் ஒட்டித் தைப்பது. உயிருடன் இருப்பவர் ஈரலின் ஒரு பகுதியைத் தானமாகத் தரும் சிகிச்சையில் இந்த இரண்டாம் வழியே கையாளப்படுகின்றது. இந்தியாவில் நடைபெறும் ஈரல் மாற்றங்களிற் பெரும்பாலானவை அவ்வகையைச் சேர்ந்தவையே.

மூன்றாம் கட்டத்தின் முதல் ஐந்து நிமிடங்களே இருதயத்திற்கு மிகக் கடினமானவை. புதிய ஈரல், உடலிலிருந்து எடுத்தது முதல் பனிக்கட்டியின் குளிரில், ஒரு காப்புத் திரவத்தில் வைக்கப்பட்டிருக்கும். பெயர்பெற்ற அத்தகைய திரவமொன்றில் பொட்டாசியம் என்னும் உப்புச் சத்து, நம் இரத்தத்தில் இருப்பதைப் போல் ஏறத்தாழ 25 மடங்கு உண்டு. பொருத்துமுன் அத்திரவத்தை நன்றாகக் கழுவி வெளியேற்றுகின்றனர். எனினும், இரத்தமின்றிக் கிடந்த ஈரலின் உயிரணுக்களிலிருந்தும் பொட்டாசியமும் புளிப்புப் பொருள்களும் கசிந்து தேங்கியிருக்கும். இடுக்கியைத் தளர்த்தியவுடன், குளிர்ந்ததும் உப்பு மிகுந்ததும் புளிப்பேறியதுமான இரத்தம், அடைத்து வைத்த மதகைத் திறந்தாற்போல் இருதயத்தின் வலப்பக்கத்தில் பாய்கின்றது. துடிப்பு தாளம் தவறுகின்றது. இரத்த அழுத்தம் சரிகின்றது. பாய்ச்சிய ஐந்து நிமிடங்களுக்குள் அழுத்தம் நூற்றுக்கு 30-க்கு மேல் இறங்கி, ஒரு நிமிடமேனும் அவ்வாறே நீடித்தால் அதனைத் தனியொரு கோளாறாகக் கொள்ள வேண்டும் என்று 1987-இல் பிட்ஸ்பர்க் மருத்துவர்கள் வரையறுத்தனர். அவ்வரையறையே இன்றும் வழங்கி வருகின்றது.

பெரும்பாலோர்க்கு இந்தத் தளர்ச்சி சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகின்றது. மயக்க மருத்துவர் இதனை எதிர்பார்த்தே கால்சியம், அட்ரினலின் முதலிய மருந்துகளை ஊசியில் ஏற்றிக் கையில் வைத்திருப்பார். மிகச் சிலருக்கே இருதயம் நின்றுபோகும் நிலை வருகின்றது. ஒப்புதல் தாளின் முதல் வரி குறிப்பது இதனையே.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாட்பட்ட ஈரல் நோய் உள்ளவரின் இருதயம், அறுவைக்கு வருமுன்னரே களைத்திருக்கின்றது. ஈரல் கெட்டால் உடலின் இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. அவற்றை நிரப்புவதற்காக இருதயம் இரவும் பகலும் கூடுதலாக உழைக்கின்றது. மலையேற்றத்தில் கீழ்க் கியரில் முழு விசையுடன் ஊர்ந்துகொண்டிருக்கும் பேருந்தைப் போன்றது அது. பார்ப்பதற்கு இயந்திரம் நன்றாகவே ஓடுகின்றது. ஆயினும் இன்னும் கொஞ்சம் விசை வேண்டும் என்றால் அதனிடம் இருப்பு இல்லை. ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் எக்கோ படம் நன்றாக இருப்பவரும் அறுவையின் சுமையில் திணறுவது இதனால்தான். நீரிழிவும் உடற்பருமனும் ஈரலில் கொழுப்பைச் சேர்ப்பதோடு இருதயத்தின் குழாய்களையும் அடைக்க வல்லவை. ஆகவே அறுவைக்கு முன் ஈ.சி.ஜி., எக்கோ, இருதயத்தை மருந்தால் விரைவாகத் துடிக்கச் செய்து பார்க்கும் சோதனை, தேவையானால் ஆஞ்சியோகிராம் எனப் பல சோதனைகள் செய்கின்றனர். நுரையீரலுக்குச் செல்லும் குழாயில் அழுத்தம் மிகுந்திருந்தால், முதலில் அதற்கு மருந்து தந்து குறைத்த பின்னரே ஈரலை மாற்றுவர். குறையாவிடில் அறுவையையே தவிர்ப்பர். "நோய் ஈரலில், இருதயத்திற்கு எதற்கு இத்தனை செலவு?" என்று குடும்பத்தார் மனம் நோவதுண்டு. அச்செலவு வீண் அன்று.

இனி இரண்டாம் வரியாகிய இரத்தக்கட்டிக்கு வருவோம். புதிய ஈரலில் இரத்தம் பாயும் அதே வேளையில்தான், சிலருக்கு இருதயத்தின் அறைக்குள்ளேயே கட்டி தோன்றுகின்றது. அது நுரையீரல் குழாயில் சென்று சிக்கிக்கொள்கின்றது. இது அடிக்கடி நேர்வதன்று. நூறு அறுவைகளில் ஒன்று முதல் சில வரை என்பது பல மருத்துவமனைகளின் அனுபவம். ஆனால் நேர்ந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து மிகப் பெரிது. கட்டியைக் கரைக்க மருந்து தரலாம்; ஆனால் வயிறு திறந்திருக்கும் நிலையில், தைத்த இடங்களெல்லாம் புதிதாக இருக்கையில், கரைக்கும் மருந்து இரத்தப் பெருக்கைத் தூண்டிவிடும். இருபுறமும் பள்ளம் உள்ள ஒற்றையடிப் பாதையில் நடப்பது போன்ற நிலை இது.

எனவே வந்தபின் தீர்ப்பதைவிட வாராமற் காப்பதும், வந்தவுடன் கண்டுகொள்வதும் முதன்மையாகக் கருதப்படுகின்றன. இதற்கு இரண்டு கருவிகள் துணை நிற்கின்றன. ஒன்று, உணவுக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இறக்கி, இருதயத்தின் பின்புறத்திலிருந்து அதனை இடைவிடாது படம் பிடிக்கும் எக்கோ கருவி. இருதயத்திற்குள் கட்டி மிதந்தால் அக்கணமே திரையில் தெரியும். மற்றொன்று, நோயாளியின் இரத்தத் துளியைச் சிறு கிண்ணத்தில் இட்டு, அது எவ்வளவு நேரத்தில் உறைகின்றது, உறைந்த கட்டி எவ்வளவு உறுதியானது, பின் எவ்வாறு கரைகின்றது என்பனவற்றைக் கோடாக வரைந்து காட்டும் கருவி. ஜெர்மனியைச் சேர்ந்த ஹார்ட்டர்ட் என்பவர் 1948-ஆம் ஆண்டில் இதனை அமைத்தார். ஸ்டார்சல் குழுவினர் 1960-களிலேயே இதனைக் கையாண்டனர். ஐ.என்.ஆர். ஒரு தட்டை நிறுப்பது என்றோம். இக்கருவியோ தராசு முழுவதும் எப்புறம் சாய்கின்றது என்பதைக் காட்டுகின்றது.

இக்கருவியின் துணையால் ஒரு நல்வழக்கம் வேரூன்றியுள்ளது. சோதனைச் சீட்டின் எண் குறைவாக இருக்கின்றது என்பதற்காக மட்டும் உறையச் செய்யும் பொருள்களை ஏற்றுவதில்லை. உண்மையில் இரத்தம் ஒழுகினால்தான், எது குறைகின்றதோ அதனை மட்டும், தேவையான அளவில் ஏற்றுகின்றனர். "எங்களிடம் எத்தனை பாட்டில் இரத்தம் வாங்கினாலும் ஏற்றலாமே, ஏன் ஏற்றவில்லை?" என்று உறவினர் வினவுவதுண்டு. அவ்வாறு ஏற்றாமல் இருப்பது கருமித்தனம் அன்று. 1963-இல் கற்ற பாடம்.

அறுவை நலமாக முடிந்தபின்னும் கட்டியின் அச்சம் முற்றும் நீங்குவதில்லை. புதிய ஈரலின் தமனி மெல்லியது. குழந்தைகளிடத்திலும், ஈரலின் பகுதியை மட்டும் பொருத்தியவரிடத்திலும் அது இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே இருக்கும். பூதக்கண்ணாடியின் துணைகொண்டு மயிரினும் மெல்லிய நூலால் அதனைத் தைக்கின்றனர். தைத்த இடத்தில் கட்டி உண்டாகி அடைத்தால், முதலில் கெடுவது பித்தக் குழாய்களே. ஏனெனில் அவை உயிர்வாழ்வது பெரும்பாலும் இத்தமனியின் இரத்தத்தால்தான். காலத்தில் கண்டால் மீண்டும் திறந்து சரிசெய்யலாம். தவறினால் மற்றோர் ஈரலைத் தேட வேண்டி வரும். முதல் நாட்களில் திரும்பத் திரும்ப வயிற்றின்மேல் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்ப்பது இக்குழாயில் இரத்தம் ஓடுகின்றதா என்பதை அறியவே. இரத்தப் பெருக்கின் அச்சம் தணிந்தபின், கட்டி உண்டாகாமலிருக்கச் சிறு அளவில் மருந்தும் தருவர். சில நாட்களுக்கு முன்வரை "இரத்தம் உறையவில்லை" என்று கேட்டுக்கொண்டிருந்த குடும்பத்தார், இப்பொழுது உறையாமலிருக்க மருந்து தருவதைக் கண்டு மருளலாகாது. தராசின் மறுதட்டை இப்பொழுது கவனிக்கின்றார்கள் என்றே கொள்ள வேண்டும்.

ஈரற்பகுதியைத் தானம் தருபவரையும் மறந்துவிடலாகாது. பெரும்பாலும் அவர் மனைவியாகவோ, மகனாகவோ, உடன்பிறந்தவராகவோ இருப்பார். நோயற்ற உடலை அன்பின் பொருட்டு மேடையில் கிடத்துகின்றார். தந்த பகுதி சில மாதங்களில் பெருமளவு வளர்ந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் பெரிய அறுவைக்குப் பின் அசையாமற் படுத்திருந்தால் காலின் சிரைகளில் கட்டி தோன்றி நுரையீரலை அடையும் அபாயம் அவருக்கும் உண்டு. "அறுவை செய்த உடம்பு, அசைக்கக் கூடாது" என்று படுக்கையிலேயே வைத்திருப்பது அன்பின் மிகுதியால் செய்யும் தவறு. மருத்துவர் சொன்ன நாளிலேயே எழுப்பி, கைத்தாங்கலாக நடக்கச் செய்வதே அவருக்குக் காவல். புகைப்பவராயின் முன்கூட்டியே நிறுத்துதல் வேண்டும். கருத்தடை மாத்திரை உண்ணும் பெண்ணாயின் அதனை மருத்துவரிடம் கூற வேண்டும். அம்மாத்திரை இரத்தம் கட்டுவதைச் சற்றே தூண்ட வல்லது.

நோயாளியும் மருத்துவரிடம் மறைக்கலாகாதன சில உள. முன்பு காலில் இரத்தம் கட்டி வீங்கியதுண்டா, மேட்டில் ஏறும்போது மார்பு அடைக்கின்றதா, குடும்பத்தில் இளவயதிலேயே மாரடைப்பால் இறந்தவர் உண்டா, மது இன்னும் தொடர்கின்றதா, நாட்டு மருந்து ஏதேனும் உண்டா என்பன அவை. தேயிலைச் சரிவில் கூடை சுமந்து ஏறியவர் மூச்சிரைப்பை வேலையின் களைப்பு என்றே எண்ணிவிடுவார். அதையும் சொல்லிவிடுவதே நலம். களைப்பா நோயா என்று பிரித்தறிவது மருத்துவர் பொறுப்பு.

இவற்றையெல்லாம் கேட்டு, இச்சிகிச்சை அச்சத்திற்கே உரியது என்று எண்ணிவிட வேண்டா. 1998-ஆம் ஆண்டு நவம்பரில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த, இரண்டு வயது நிறையாத ஒரு குழந்தைக்கு டில்லி இந்திரபிரஸ்த அப்போலோ மருத்துவமனையில் தந்தையின் ஈரற்பகுதி பொருத்தப்பட்டது. இந்தியாவில் வெற்றி கண்ட முதல் ஈரல் மாற்றங்களுள் அது இடம்பெறுகின்றது. 1963-இல் டென்வரில் மேடையிலேயே மாண்ட சிறுவனுக்கு இருந்த அதே பித்தக் குழாய்க் குறைதான் இக்குழந்தைக்கும். அக்குழந்தை வளர்ந்து, மருத்துவம் பயின்று, மருத்துவராயிற்று. பீர்மேட்டிலிருந்து இறங்கினால் 75 கிலோமீட்டர் அளவிலுள்ள கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், 2022 பிப்ரவரியில், மனைவி தந்த ஈரற்பகுதி கணவருக்குப் பொருத்தப்பட்டது. ஒரு காலத்தில் கடல் கடந்த நாட்டின் செய்தியாக இருந்தது, இன்று நம் மலையடிவாரத்து அரசு மருத்துவமனையின் வாயிலுக்கே வந்துவிட்டது.

ஆகவே அந்த ஒப்புதல் தாளுக்கே திரும்புவோம். அது உயிருக்கு விலை பேசும் பத்திரமும் அன்று, மருத்துவர் தம் பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் சூழ்ச்சியும் அன்று. எதிர்வரக் கூடியதை முன்னரே அறிவித்து, அறிந்து இசைகின்றீரா என்று கேட்கும் ஓலை அது. அறியாமல் இட்ட கையெழுத்து இசைவு ஆகாது. தாள் புரியாவிட்டால், "தமிழிற் சொல்லுங்கள்" என்று கேட்பதற்கு நாணவேண்டுவதில்லை. கேட்பது நோயாளியின் உரிமை. என் இருதயம் இந்தச் சுமையைத் தாங்குமா, எச்சோதனையால் அதனை அறிந்தீர்கள், அறுவையின்போது கட்டி தோன்றினால் எவ்வாறு காண்பீர்கள், பின்னர் குழாயில் இரத்தம் ஓடுகின்றதா என்று எத்தனை நாட்கள் பார்ப்பீர்கள், தானம் தருபவர் எந்நாளில் எழுந்து நடப்பார் என்னும் ஐந்து கேள்விகளையேனும் கேட்டு விடை பெறுங்கள். அவ்விடைகள் விளங்கிய பின் எழுதுகோலை எடுங்கள். மலையிறங்கி வந்த குடும்பம் அப்பொழுதுதான், தான் எதற்கு இசைகின்றது என்பதை அறிந்து இசைந்ததாகும்.